பின்குறிப்பா, பரிசா, சவாலா? வைரலுக்கு மூன்று வழிகள்

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்டு வரும். மேலே சாமி பெயர். இதைப் படித்தவுடன் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பினால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டவருக்கு நஷ்டம் வந்தது என்று இருக்கும். அனுப்பியவர் பெயர் இருக்காது. எங்கள் பாட்டி திட்டிக்கொண்டே உட்கார்ந்து எழுதுவார்.

மணப்பாறையில் முறுக்கு வியாபாரம் செய்யும் என் சித்தி மகன், “அண்ணே, ஒரு ரீல்ஸ் வைரலாகணும், என்ன பண்ணலாம்?” என்று கேட்டபோது எனக்கு அந்தக் கார்டுதான் ஞாபகம் வந்தது. வைரல் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே ஓடுவது வேறு வேறு எந்திரங்கள்.

முதல் எந்திரம் ஹாட்மெயில் என்கிற இலவச மெயில் சேவை. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கினார்கள். அதில் பணம் போட்ட டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார்: போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும், உங்களுக்கும் இலவச மெயில் வேண்டுமா, இங்கே வாங்க என்கிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் 1.2 கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அனுப்புகிறவர் தனியாக எதுவும் செய்யவில்லை, விளம்பரம் செய்கிறோம் என்று நினைக்கவும் இல்லை. மெயில் கிடைக்கிறவருக்கோ, தெரிந்தவர் ஒருவர் இதைப் பயன்படுத்துகிறார் என்பதே சிபாரிசு. ஒரே சிக்கல், பொருள் தானாகவே இன்னொருவர் கைக்குப் போகிற ஜாதியாக இருக்க வேண்டும். டைரி எழுதும் ஆப்புக்கு இது உதவாது.

இரண்டாவது, நம் ஃபைல்களை இணையத்தில் சேமித்துவைக்க இடம் தரும் டிராப்பாக்ஸ். அதன் கதை வேறு. 2008இல் வெளியானபோது கூகுள் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 99 டாலர் விலையுள்ள சேவைக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவானது. கட்டுப்படியாகுமா? அப்புறம்தான் பரிசுத் திட்டத்துக்கு வந்தார்கள்: நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்குமே சேமிப்பிடம் இலவசம். 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த கணக்குகள் 2010 ஜனவரியில் 40 லட்சம்.

இதில் இரண்டு நுட்பங்கள். இணையம் வழியாகப் பணம் அனுப்ப உதவும் பேபால் இதற்கு முன்பே இப்படி ஆள் சேர்த்தது, ஆனால் பணமாகவே கொடுத்தது. பணம் என்றால் பணத்துக்காகவே வருகிறவர்களும் வருவார்கள். சேமிப்பிடத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவரோ அதைப் பயன்படுத்தப் போகிறவர். இரண்டாவது, பரிசு இருவருக்கும். எனக்கு மட்டும் கிடைத்தால் நண்பனை வைத்துக் காசு பார்க்கிற கூச்சம் வரும். அவனுக்கும் கிடைக்கிறது என்றால் உதவி செய்கிற தோரணையோடு லிங்க்கை அனுப்பலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் எத்தனை பேரை அழைக்கிறார், அதில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். பத்துப் பேரை அழைத்து ஒருவர் வந்தால் 1. அதற்கு மேல் போனால் காட்டுத்தீ, கீழே இருந்தால் அணைந்துவிடும். பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் 0.5 கிடைத்தாலும் லாபம்தான். விளம்பரம் பார்த்து வந்த 100 பேர் 50 பேரைக் கூட்டி வருவார்கள், அந்த 50 பேர் 25 பேரை. அப்படியே போனால் மொத்தம் 200. ஒரு வாடிக்கையாளருக்கு ஆகும் விளம்பரச் செலவு பாதியாகிவிட்டது. 0.9 என்றால் அதே 100 பேர் 1,000 பேராவார்கள்.

மூன்றாவது, 2014இல் உலகமே தலையில் ஊற்றிக்கொண்ட ஐஸ் பக்கெட். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக நடந்தது. நீங்கள் நனைந்து, மூன்று பேரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் நனைய வேண்டும், இல்லையென்றால் நன்கொடை தர வேண்டும். பாட்டியின் போஸ்ட் கார்டேதான்! எத்தனை பேர், எவ்வளவு நேரம், செய்யாவிட்டால் என்ன, எல்லாம் இருக்கிறது. சாமி குத்தத்துக்குப் பதிலாக நாலு பேர் முன்னால் மானம். அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. ஹைதராபாத்தில் தண்ணீரை வீணாக்காமல் ஒரு வாளி அரிசியை ஏழைக்குக் கொடுக்கும் சவாலாக அதை மாற்றினார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் வேகமாக எரிந்தது வேகமாகவே அணையும். அடுத்த ஆண்டு அதே சவாலைத் திரும்ப அழைத்தார்கள், வந்த பணம் பழையதன் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

ரீல்ஸ்? நியூயார்க் டைம்ஸின் ஏறக்குறைய 7,000 கட்டுரைகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வியப்பு, கோபம், பதற்றம் தருபவை அதிகம் பகிரப்பட்டன; சோகம் அப்படிப் போகவில்லை. கோபத்தைக் கிளப்பி வீடியோவை ஓட்டிவிடலாம், முறுக்கை விற்க முடியாது. தவிர, வைரல் என்று நாம் நினைப்பதில் கணிசமானது கைமாறிக் கைமாறிப் பரவியதே இல்லை. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர் ஒரே அடியில் காட்டியது.

தம்பிக்கு நான் சொன்னது முதல் இரண்டையும் கலந்து. முறுக்கு டப்பா ஆபீசுக்குப் போகிறது, சீமந்தத்துக்குப் போகிறது. பத்துக் கை அதற்குள் நுழைகிறது. ஹாட்மெயிலுக்குக் கிடைத்த வசதி இது. டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வை. அதைக் கொண்டுவரும் புது ஆளுக்கும் டப்பா வாங்கினவருக்கும் கால் கிலோ இனாம் என்றேன்.

“கால் கிலோ கட்டாதுண்ணே. நூறு கிராம் போடவா?”

“போடு. ஆனா ரெண்டு பேருக்கும்.”