கார் டாக்: சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்லும் அண்ணன் தம்பி

காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் ரசிக்கலாம் என்று சொல்லித்தான் ‘கார் டாக்’ என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். காரில் என்ன கோளாறு என்று நேயர்கள் போனில் சொல்ல, மெக்கானிக் அண்ணன் தம்பி இருவர் யோசனை சொல்லும் நிகழ்ச்சி அது. பாதிதான் உண்மை. தெரியாமல் கேட்டாலும் சிரிப்பு வரும். வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால், அந்தச் சிரிப்புக்கு நடுவே இரண்டு பேரும் எவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள் என்பதும் பிடிபடும்.

அந்த அண்ணன் தம்பி டாம், ரே மாக்லியோஸி. டாம் 12 வயது மூத்தவர். இருவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) படித்துவிட்டு, பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் 1973-ல் ஒரு ஷெட் போட்டார்கள். இடமும் ஸ்பேனரும் வாடகைக்குத் தருவார்கள், வண்டியை வந்தவரே பிரித்து மாட்டிக்கொள்ள வேண்டும். அது சரிப்படாமல் பிறகு சாதாரண ஒர்க்‌ஷாப்பாக மாறியது. 1977-ல் பாஸ்டனின் டபிள்யூ.பி.யூ.ஆர். வானொலி மெக்கானிக்குகள் சிலரைக் கலந்துரையாடலுக்குக் கூப்பிட, போய் நின்றது டாம் ஒருவர்தான். அடுத்த முறை தம்பியையும் இழுத்துக்கொண்டு போனார். 1987-ல் அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். வழியாக நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலித்தது. புதுப் பதிவுகள் 2012 அக்டோபரோடு நின்றன, 2014 நவம்பரில் டாம் காலமானார். இன்று கேட்கக் கிடைப்பதெல்லாம் பழைய பதிவுகளைத் தொகுத்த பாட்காஸ்ட்தான்.

ஒரு அழைப்பு எப்படிப் போகும் என்று பார்த்தால் இவர்களுடைய வித்தை விளங்கும். முதலில் பேர், ஊர். இதிலேயே ஒரு நிமிஷம் ஓடிவிடும். பேருக்கு என்ன ஸ்பெல்லிங், அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று வம்பளப்பார்கள். வெட்டிப்பேச்சு போலத் தெரியும், ஆனால் போன் செய்தவருக்குப் பதற்றம் விட்டுப்போவது இங்கேதான். அடுத்து வண்டியின் கம்பெனி, மாடல், வருஷம், எத்தனை மைல் ஓடியிருக்கிறது. அதற்கப்புறம்தான் முக்கியமான கட்டம்: “சத்தம் எப்படி வருது? செஞ்சு காட்டுங்க.” படித்த, பெரிய வேலையில் இருக்கிற ஆட்கள் தேசிய வானொலியில் “க்ர்ர்ர்... டக் டக் டக்” என்று வாயால் செய்வார்கள். டாம் அதைத் திருப்பிச் செய்து காட்டி, “இப்படியா, இல்ல இப்படியா?” என்பார். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது இந்த இடத்தில்.

அதற்குப் பின்னால் வரும் கேள்விகளைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? இடது பக்கமா, வலது பக்கமா? பிரேக்கை மிதித்தால் நிற்கிறதா? ஒவ்வொரு கேள்வியும் பத்து சந்தேகத்தில் ஐந்தை வெட்டி எறிகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் எஞ்சின் விசையை அதற்குக் கொண்டுபோகும் மூட்டு. அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் வெளியே சிதறி, உள்ளே மண் புகுந்து குண்டுகள் தேய்ந்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான். நேராகப் போகும்போது ‘ஊ’ என்று இரைந்து, வேகம் கூடக்கூட ஏறினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படலாம். வண்டியை இடப்பக்கம் லேசாக ஒடித்தால் எடை வலப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் ஏறினால் கோளாறு பெரும்பாலும் வலது பேரிங்கில். இப்படியெல்லாம் பாடம் நடத்துகிற தொனியே இல்லாமல் சொல்லிப் போவார்கள். சிரித்து முடித்துப் பார்த்தால் ஒரு விஷயம் மண்டையில் ஏறியிருக்கும்.

தவறாகச் சொல்வதற்கு இவர்கள் அஞ்சுவதே இல்லை. அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி “உளறாதே” என்பார், போன் செய்தவரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். பொதுவாக ரேதான் சரியாகச் சொல்வார், ஒர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸோடு நின்றவர் அவர். டாமுக்கு எடக்கு பண்ணுவதில்தான் ருசி. சொன்னது பலித்ததா என்று சோதிக்கவே ‘ஸ்டம்ப் த சம்ப்ஸ்’, அதாவது ‘முட்டாள்களை மடக்கு’ என்று ஒரு பகுதி உண்டு. ஏற்கெனவே யோசனை கேட்டவரையே மறுபடி கூப்பிட்டு, “நாங்க சொன்னது சரியா, தப்பா?” என்று கேட்பார்கள். தப்பென்றால் கோமாளிகள் நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். இந்த நிகழ்ச்சி நாடு முழுக்கப் போன அதே 1987-ல்தான், சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதியை அமெரிக்க அரசு கைவிட்டது. அதன் பிறகு அங்கே பேச்சு வானொலி என்றாலே எதிராளியை மடக்கிப் போடும் அரசியல் குரல்கள் என்றாகிவிட்டது. போன் செய்தவரிடம் தோற்றுப்போவதையே விருந்தாகப் பரிமாறிய இந்த இருவரும் அந்தக் கூட்டத்தில் தனி ஜாதி.

கட்டாயம் தேடிக் கேட்க வேண்டிய அழைப்பு 1997-ல் வந்தது. ஜான் என்று ஒருவர். வண்டி அரசாங்கத்துடையது. கிளப்பியதும் முதல் 2 நிமிஷம் ஒரே சத்தம், குலுக்கல். பிறகு சாதுவாகிவிடுகிறது. எட்டரை நிமிஷம் ஆனதும் எஞ்சின் நின்றுபோகிறது. அவர் ஜான் கிரன்ஸ்ஃபெல்ட், அட்லாண்டிஸ் விண்கலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே பேசுகிறார். விடுகதையின் ஒவ்வொரு வரியும் நிஜம்: பக்கத்திலிருக்கும் இரண்டு பூஸ்டர்களும் சுமார் 2 நிமிஷத்தில் எரிந்து கழன்று விழும், முக்கிய எஞ்சின்கள் எட்டரை நிமிஷ வாக்கில் அணையும். மெக்கானிக்கிடம் சொல்கிற மாதிரியே அறிகுறிகளை மட்டும் அடுக்கிவிட்டு அவர் காத்திருப்பதில்தான் அழகு.

கச்சிதமாகத் தெரிவதால் நேரலை என்று நினைத்துவிட வேண்டாம். போன் செய்பவர்கள் முதலில் செய்தியைப் பதிவு செய்து வைப்பார்கள், தயாரிப்புக் குழு அதில் பொறுக்கி எடுத்துத் திரும்ப அழைக்கும். அண்ணன் தம்பிக்குக் கேள்வி முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் அந்தத் தடுமாற்றம் நிஜமாகவே ஒலிக்கிறது. பேசியதை நன்றாக வெட்டிச் சுருக்கிய பிறகே ஒலிபரப்பினார்கள். சுருக்கியும் டாமின் சிரிப்பு நீளம்தான். மூச்சு வாங்க, இழுத்து இழுத்து, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பார். புதிதாகக் கேட்பவர்களில் சிலருக்கு இது எரிச்சல் தரும். மூன்று நிகழ்ச்சி கேட்டும் பழகவில்லை என்றால் விட்டுவிடலாம், நாலாவதிலும் மாறாது.

நம் ஊரில் கேட்பவர்களுக்கு இன்னொரு தடை, வார்த்தைகள். அவர்கள் ‘ஹூட்’ என்றால் நம் பானெட், ‘டிரங்க்’ என்றால் டிக்கி, ‘மஃப்ளர்’ சைலன்சர், ‘ரோட்டர்’ பிரேக் டிஸ்க், ‘கேஸ்’ என்பது பெட்ரோல். பாஸ்டன்காரர்கள் ‘கார்’ என்பதில் ‘ர்’ஐ விழுங்கிவிடுவார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர் என்பதால் துருப்பிடித்த கதைகள் ஏராளம், நமக்கு அவ்வளவு உதவாது. கார்ப்பரேட்டர் காலத்து யோசனைகளை இன்றைய வண்டிக்கு அப்படியே பயன்படுத்தவும் கூடாது. பிரேக், பேரிங், கூலன்ட், பெல்ட் சம்பந்தமாகச் சொன்னவை இன்றும் பெரும்பாலும் செல்லும்.

நடுவில் ‘பஸ்லர்’ என்ற புதிர் வரும். ரே சொல்வார், விடை அடுத்த வாரம். போன வாரப் புதிர் என்ன என்று கேட்டால் டாமுக்கு ஞாபகமே இருக்காது. சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு 26 டாலர் கூப்பன் கிடைத்தது, அதுவும் ‘வெட்கங்கெட்ட வியாபாரப் பிரிவு’ என்று இவர்களே பேர் வைத்த தங்கள் கடையில் மட்டும்தான் செல்லுபடியானது.

முடியப்போகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் இல்லாத ஊழியர்களுக்கெல்லாம் நன்றி சொல்வார்கள், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் புரியும். ரஷ்ய டிரைவர் ‘பிக்கப் ஆண்ட்ரோபாஃப்’, வேறென்ன, பிக்கப் அண்ட் டிராப் ஆஃப். வக்கீல் கம்பெனி ‘டூயி, சீட்டம் அண்ட் ஹவ்’, அதாவது ‘இவர்களை ஏமாற்றுகிறோமா? எப்படியெல்லாம்!’ இந்தப் பெயரை ஹார்வர்டு ஸ்கொயரில் தங்கள் அலுவலக ஜன்னலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் ரே, “என் அண்ணன் மாதிரி வண்டி ஓட்டாதீங்க” என்பார். டாம் விடமாட்டார்: “என் தம்பி மாதிரியும் ஓட்டாதீங்க.”