கேப் சிக்கும் ரிவால்வருக்கு ஆறு புது நிப்பிள்

என்னிடம் இருப்பது கோல்ட் 1851 நேவி என்ற பழைய காலத்து ரிவால்வரின் இத்தாலிய நகல், .36 காலிபர். அத்தனை அழகு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் வாங்கியதிலிருந்து ஒரு சிலிண்டரைக்கூடத் தடங்கல் இல்லாமல் சுட்டு முடித்ததில்லை. மூன்றாவது குண்டிலோ நான்காவதிலோ ஹேமரை, அதாவது அடிக்கும் சுத்தியலை, இழுத்தால் பாதியில் நின்றுவிடும், எட்டிப் பார்த்தால் மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செம்புக் கேப் வெடித்துக் கிழிந்து, அதன் துணுக்கு ஒன்று ஹேமருக்கும் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்கும் நடுவில் சப்பையாகி உட்கார்ந்திருக்கும். சுடாத அறைகள் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்ற பயத்தோடு, குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி மெல்லிய குச்சியால் அதை நோண்டி எடுப்பதற்குள் சுடுகிற ஆசையே போய்விடும்.

இதற்காகத்தான் ஸ்லிக்ஸ்-ஷாட் நிப்பிள் ஆறு வாங்கிப் போட்டேன். நிப்பிள் என்பது ஒவ்வொரு அறையின் பின்னாலும் கேப்பை மாட்டுகிற, துளையுள்ள சிறு கூம்பு. வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

கருமருந்து எரியும்போது வாயு குண்டை முன்னால் தள்ளுவதோடு விடுவதில்லை, நிப்பிள் துளை வழியாகப் பின்னாலும் சீறிக்கொண்டு வருகிறது. துளை பெரிதாக இருந்தாலோ சுட்டுச் சுட்டு அரித்து அகலமாகியிருந்தாலோ அந்த வாயு கேப்பைக் கிழிப்பதோடு ஹேமரையும் சற்றுப் பின்னால் தூக்கிவிடும், அந்த இடைவெளியில்தான் துணுக்கு உள்ளே விழுகிறது. ஸ்லிக்ஸ்-ஷாட் நிப்பிளின் கூம்பில் பக்கவாட்டில் சிறு துளை உண்டு. கேப்புக்குள் சேரும் அழுத்தம் அப்படி வெளியேறிவிடுவதால், சுட்ட பிறகும் கேப் பெரும்பாலும் முழுசாகவே இருக்கிறது. எனக்கு இதுதான் கண்ணெதிரே தெரிந்த வித்தியாசம். பழைய நிப்பிளில் சுட்ட கேப் பூ மாதிரி விரிந்து கிடக்கும், இதில் லேசாகப் பிளந்ததோடு சரி.

கேப் பொருத்தமும் மாறியது. பழையதில் 10-ஆம் எண் கேப் பாதிதான் இறங்கும், 11 தொளதொளவென்று ஆடும், அதை விரலால் நசுக்கி மாட்டுவது என் வழக்கமாகவே ஆகியிருந்தது. இப்போது 10 அப்படியே கடைசிவரை இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்கிறது என்று புலம்புகிறார்களே, அதில் பாதிக்கு மேல் கேப் முழுசாக இறங்காததால் வருவதுதான் என்பேன். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். வெடிக்கவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்காதீர்கள், குழலை இலக்கை நோக்கியே கொஞ்ச நேரம் வைத்திருங்கள், சில சமயம் தாமதமாக வெடிக்கும்.

மாட்டியதும் ஒரு சோதனை. மருந்தும் கேப்பும் இல்லாத சிலிண்டரில், நிப்பிளுக்கும் ஹேமருக்கும் நடுவே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து ஹேமரை மெதுவாக இறக்கிப் பாருங்கள். காகிதம் நழுவி வர வேண்டும், இடைவெளி அதற்கு மேலும் வேண்டாம். மாட்டிக்கொண்டால் ஹேமர் நிப்பிளையே அடிக்கிறது என்று அர்த்தம், நாளடைவில் நுனி காளான் மாதிரி விரிந்து கேப் ஏறாது. எனக்கு ஆறில் ஒன்று இடித்தது. குறை நிப்பிளில் இல்லை, என் சிலிண்டரில் அந்த ஒரு துளை மட்டும் ஆழம் குறைவு. நுனியை நுண்ணிய கல்லில் துளித்துளியாகத் தேய்த்து எடுத்தேன்.

அப்புறம் ஹேமர் முகம். கோல்ட் வடிவத்தில் அதில் ஒரு சிறு வெட்டு இருக்கும், சிலிண்டரின் பின்னால் அறைகளுக்கு நடுவே உள்ள முளைமேல் பாதுகாப்பாக உட்காருவதற்காக. நடைமுறையில் அந்த வெட்டு கேப்பைக் கவ்விப் பிடுங்கி எடுக்கிறது. புது நிப்பிள் போட்ட பிறகும் எனக்கு இரண்டு தடவை சிக்கியது, இரண்டும் இந்த வெட்டை அடைத்து வழவழப்பாக்குவதற்கு முன்னால். அடைத்துவிட்டால் முளையை நம்ப முடியாது, ஐந்து அறைகளை மட்டும் நிரப்பி ஹேமரைக் காலி அறைமேல் வைக்க வேண்டும். ஐந்து போதாதா என்ன?

டிரிகர் கனமாக இருக்கிறது என்று மெயின் ஸ்பிரிங்கைத் தேய்த்து மெலிதாக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பின்னால் வரும் வாயுவைத் தாங்கி ஹேமரை அழுத்திப் பிடிப்பதே அந்த ஸ்பிரிங்தான். அதை மெலிதாக்கிவிட்டு நிப்பிளைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரெமிங்டன் 1858 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, சட்டம் மூடியது. ஆனால் அதில் சிலிண்டர் சுழலும் கம்பி மெலிது, கரி படிந்து சீக்கிரம் இறுகும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை துடைத்து, தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகு தடவினால் ஓடும், பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் மரை அளவைப் பாருங்கள், இத்தாலிய நகல்களில் பெரும்பாலும் 6×0.75 மி.மீ., ரூகர் ஓல்ட் ஆர்மி ரிவால்வருக்கு வேறு. நல்ல நிப்பிள் சாவி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். துப்பாக்கியோடு வந்த சாவியால் கழற்றப் போய் ஒரு பழைய நிப்பிளின் தலையை வழுக்கிவிட்டு, அதை வெளியே எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.