ஆள் கிடைக்காத வயலுக்கு நடவு இயந்திரம்: ஒரு பிசானப் பருவ மதிப்பீடு

திருநெல்வேலி மாவட்டக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் தண்ணீர் வந்தாலும் பிசான (மழைக்கால நெல் பருவம்) நடுகைக்கு ஆள் வருவதில்லை. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் 2025-இல் திறக்கப்பட்ட டாட்டா சூரிய மின்தகடு ஆலையில் பெரும்பாலோர் பெண்களே வேலை பார்க்கிறார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஆண்டில் சில வாரமே கிடைக்கும் நடுகைக்கு அவர்கள் சேற்றில் குனிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே, நாற்றும் நடவும் சேர்த்துச் செய்துதரும் சேரன்மகாதேவி வட்டாரத் தனியார் வாடகை நிலையம் ஒன்றை இப்பருவத்தில் அமர்த்தினேன்.

அவர்களுடைய பாய் நாற்றங்காலை மனமாரப் பாராட்ட வேண்டும். தட்டுகளில் சலித்த மண்ணும் மக்கிய எருவும் பரப்பி, முளைகட்டிய அம்பை 16 ரக நெல் விதையைத் திட்டுத்திட்டாக விழாமல் தூவியிருந்தார்கள். பதினாறாம் நாள் எடுத்தபோது வேர்கள் பின்னிப் பிணைந்து, ஓரம் பிய்யாமல் சுருட்டவே முடிந்தது. விதை சீராக விழாத இடத்தில் இயந்திரத்தின் விரல் வெறும் மண்ணைக் கிள்ளி நட்டுவிட்டுப் போகும் என்பதால், பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. முப்பது சென்டிமீட்டர் வரிசை இடைவெளி கிடைத்ததில் களையெடுக்கும் கருவியையும் தாராளமாக ஓட்ட முடிகிறது; களைக்கும் ஆள் தேடும் இக்காலத்தில் இது சிறிய உதவியன்று.

கட்டணம், கூலியும் டீயும் சாப்பாடும் சேர்ந்த பழைய செலவைவிடக் குறைவுதான்.

குறை, தேதியில் இருக்கிறது. மடை திறந்ததும் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்கிறார்கள். நிலையத்திலோ இயந்திரத்தைப் பழுதில்லாமல் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே. சொன்ன நாள் தள்ளிப்போனதால் என் கடைசி வயலுக்கு வந்த நாற்று முற்றி, தூர் கட்டுவது (பக்கக் கிளை விடுவது) பிந்தியது. நடுகைக்கு இருந்த ஆள் பஞ்சம் இப்போது ஓட்டுநருக்கு வந்திருக்கிறது. உள்ளூர்ப் பெண்களுக்கே ஓட்டும் பயிற்சி கொடுத்து, ஆலைச் சம்பளத்துக்கு ஈடாகப் பருவ ஊதியம் தந்தால் ஒழிய இச்சேவை வளராது என்பது என் உறுதியான கருத்து.

கால் ஆழப் புதையும் தாழ்ந்த வயல் உள்ளவர்கள் இதை அமர்த்த வேண்டாம், இயந்திரம் இறங்கிவிடும். மற்றவர்கள் தொளியடித்து (சேற்றுழவு செய்து) ஒரு நாளாவது மண் படிய விட்டு, தண்ணீரை வடித்து வைக்கவும். மூலைகளில் கைநடவுக்கு இரண்டு பேர் தேவைப்படும். முன்பணம் கொடுக்குமுன் நடவுத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.