வாரம் ஒன்றா, வரிக் காலண்டரை ஒட்டியா? ஒரு ஆடிட்டர் ஆபீஸ் எந்த வேகத்தில் எழுதலாம்

சிறிய ஆடிட்டர் ஆபீஸ் ஒன்று தன் இணையதளத்தில் வரிக் கட்டுரைகள் போட முடிவெடுத்தால், அடுத்த கேள்வி எவ்வளவு அடிக்கடி என்பதுதான். ஆடிட்டர்கள் வேலை கேட்டு விளம்பரம் செய்வதற்கு 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால், தேடி வருபவர் படிக்கிற ஒரு நல்ல கட்டுரைக்கு இந்தத் தொழிலில் மதிப்பு அதிகம். தினமும் எழுதலாம், வாரம் ஒன்று எழுதலாம், மாதம் இரண்டு எழுதலாம், வரிக் காலண்டரை ஒட்டியும் எழுதலாம். நான்கையும் நான் ஒரே கேள்வியால்தான் உரசிப் பார்க்கிறேன்: ஜூலை மாதத்தில் இது தாக்குப்பிடிக்குமா?

சம்பளக்காரர்கள் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. ஜூன் நடுவில், சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்றான ஃபார்ம் 16 கைக்கு வந்ததுமே தேடல் தொடங்கிவிடும். பழைய முறை லாபமா, புதிய முறை லாபமா? வாடகை ரசீது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வேலை மாறியவர் இரண்டு ஃபார்ம் 16-ஐ எப்படிச் சேர்ப்பது? வருடத்திலேயே வாசகர் அதிகம் வரும் காலம் அதுதான். ஆபீஸில் ஒருவருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லாத காலமும் அதுதான். இந்த முரணைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் முதல் ஜூலையிலேயே படுத்துவிடும்.

ஒரு கட்டுரைக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அரசு அறிவிக்கையைத் தேடிப் படிப்பது, உதாரணக் கணக்கு போடுவது, எழுதுவது, பார்ட்னர் ஒருவர் சரிபார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். நால்வகைக்கும் இதே கணக்குதான்.

தினமும்

வேலை நாட்கள் 300 என்றால் 1,800 மணி நேரம். அது ஒரு முழுநேர ஊழியரின் வேலை. ஆள் போட முடியாதவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். தேடலில் இடம்பிடிப்பதற்காகவே மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களுக்கு எதிராக கூகுள் 2024 மார்ச்சில் தனி விதியே கொண்டுவந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. தவறான பிரிவு எண்ணையோ வரம்பையோ நம்பி ஒருவர் வரி கட்டிவிட்டால், போவது ஆபீஸின் பெயர். சிறிய ஆபீஸுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

வாரம் ஒன்று

பரவலாகச் சொல்லப்படும் ஆலோசனை இது. அதற்கு நியாயமும் இருக்கிறது. வியாழன் வந்தால் கட்டுரை வரவேண்டும் என்ற பழக்கம் எழுதுபவரைத் தள்ளிக்கொண்டு போகும். வாசகரும் எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வார்.

ஆனால் வருடத்துக்கு 52 கட்டுரை என்றால் 312 மணி நேரம். எட்டு மணி நேர நாளாகக் கணக்கிட்டால் 39 முழு நாட்கள். ஏப்ரலில் உற்சாகமாக நான்கு வரும், மேயில் மூன்று, ஜூனில் ஒன்று. ஜூலையில் ஒன்றும் வராது. செப்டம்பர் 30-க்குள் ஆடிட் ரிப்போர்ட் முடிக்க வேண்டும் என்பதால் அடுத்த இரண்டு மாதமும் காலி. அக்டோபரில் விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் 'நிதியாண்டு என்றால் என்ன' போன்ற, எங்கும் கிடைக்கிற விஷயங்கள் ஏறும்.

வாரம் தவறினால் கூகுள் கைவிட்டுவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தளம் புதிதாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே கட்டுரைகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தேடலில் உதவாது என்று கூகுளின் வழிகாட்டுதலே வெளிப்படையாகச் சொல்கிறது. பயந்து எழுதிய கட்டுரைகளால் யாருக்கும் பயனில்லை.

இந்த 312 மணி நேரத்தோடு செலவு முடிவதும் இல்லை. எழுதி வெளியிட்ட ஒவ்வொரு கட்டுரையையும் பிறகு பராமரிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12%, 28% அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5%, 18% அடுக்குகளுக்குப் போயின. 2026 ஏப்ரல் 1 முதல், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிரிவு எண்கள் மாறின. 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வந்தது. வாரம் ஒன்று என நான்கு வருடம் எழுதியவரிடம் 208 கட்டுரைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் திருத்த 2 மணி நேரம் என்றாலே 416 மணி நேரம். இதை யாரும் செய்வதில்லை. அதனால்தான் பழைய விகிதத்தைச் சொல்லும் பக்கங்கள் இன்னும் தேடலில் வந்து நிற்கின்றன. ஒரு வரி ஆபீஸின் பெயரில் தவறான விகிதம் கிடப்பது, அங்கே ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல் என்று உறுதியாக நினைக்கிறேன்.

மாதம் இரண்டு

144 மணி நேரம். பெரும்பாலான ஆபீஸ்களால் முடியும். ஆனால் பிப்ரவரிக்கும் இரண்டு, ஜூலைக்கும் இரண்டு என்று சமமாகப் பிரிப்பதில் அர்த்தம் இல்லை. பழைய கட்டுரைகளுக்கும் இதில் நேரம் ஒதுக்கியிருக்காது.

காலண்டரை ஒட்டி

என் ஓட்டு இதற்குத்தான். வருடத்துக்குப் புதிய கட்டுரைகள் 16 மட்டும். அதற்கு 96 மணி நேரம். கூடவே பழைய கட்டுரைகளில் 24-ஐத் திருத்துவது. தலா 2 மணி நேரம் என்றால் 48. மொத்தம் 144. மாதம் இரண்டு எழுதுகிறவர் செலவிடும் அதே நேரம்தான், போய்ச் சேரும் இடம்தான் வேறு.

எழுதும் மாதத்தையும் வெளியிடும் மாதத்தையும் பிரித்துவிடுவதுதான் இதன் உயிர்நாடி. ஜிஎஸ்டியில் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 மாதாந்திரத் தாக்கலுக்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. முன்கூட்டிய வரித் தவணை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதி. இவற்றுக்கு நடுவே பார்த்தால் நவம்பரிலும் ஜனவரியிலும் 21-ஆம் தேதிக்குப் பிறகு ஆபீஸ் ஓரளவு மூச்சுவிடும். ஏப்ரல் கடைசி வாரமும் அப்படித்தான். ஜூலையில் வரவேண்டிய கட்டுரைகளை அப்போதே எழுதி வைத்துவிடலாம். பிப்ரவரி 1 பட்ஜெட்டில் ஏதாவது மாறினால் எண்களை மட்டும் சரிபார்த்து, ஜூனில் ஏற்றிவிடலாம்.

பழையதைத் திருத்துவதற்கு இவ்வளவு நேரமா என்று பார்ட்னர்கள் கேட்பார்கள். மார்க்கெட்டிங் மென்பொருள் விற்கும் ஹப்ஸ்பாட் நிறுவனம் 2015-இல் தன் கணக்கை வெளியிட்டது. மாதாந்திரப் பார்வைகளில் 76 சதவீதமும், அவர்களுக்குக் கிடைத்த வாடிக்கையாளர் விசாரணைகளில் 92 சதவீதமும் பழைய கட்டுரைகளிலிருந்தே வந்திருந்தன. தொழிலுக்குத் தொழில் விகிதம் மாறலாம். ஆனால் விதிகள் வருடந்தோறும் மாறும் வரித்துறையில் பழைய பக்கத்தைச் சரியாக வைத்திருப்பதன் பலன் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாகப் போடுவது வாசகரை ஏமாற்றுவது. எதை மாற்றினோம் என்று மேலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

இந்த வழியிலும் குறை உண்டு. வாராவாரம் விரட்டும் கெடு இல்லாததால், பொறுப்பு இன்னார் என்று பெயர் குறிக்காவிட்டால் நவம்பரும் சும்மா போய்விடும். திடீர் மாற்றங்களுக்கும் இடம் விடவேண்டும். 2025-இல் ஜிஎஸ்டி கவுன்சில் செப்டம்பர் 3-ஆம் தேதி முடிவெடுத்தது, 22-ஆம் தேதி அது அமலுக்கு வந்துவிட்டது. அந்த 19 நாட்களில் கடைக்காரர்களுக்குத் தேவைப்பட்ட கட்டுரையை எந்தக் காலண்டரும் முன்கூட்டிக் காட்டியிருக்காது. அதனால் 16-இல் இரண்டைத் தலைப்பு போடாமல் காலியாக வைப்பேன்.

எழுதுவதற்கென்றே ஒருவர் இருக்கும் ஆபீஸுக்கும், சுங்க அறிவிக்கைகளை அடிக்கடி பார்க்கவேண்டிய ஏற்றுமதியாளர்களைக் கையாளும் ஆபீஸுக்கும் வாரம் ஒன்று இன்னும் நல்ல வழிதான். இரண்டு பார்ட்னர்களும் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சியில் இருக்கும் சில மாணவர்களும் உள்ள ஆபீஸ் நவம்பரில் தொடங்கட்டும். முதலில் எழுதவேண்டியவை மூன்று: பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஒப்பீடு, வேலை மாறியவரின் இரண்டு ஃபார்ம் 16, வாடகை ரசீது. போன ஜூலையில் வாடிக்கையாளர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை வரவேற்பில் இருப்பவரிடம் விசாரித்தால் நான்காவதும் ஐந்தாவதும் கிடைத்துவிடும்.