அண்ணன் சொல்லாமல் விட்ட பெயர்: ‘பெட்டர் கால் சால்’

இரண்டாம் சீசனின் கடைசி அத்தியாயம் ஒரு மருத்துவமனை அறையில் தொடங்குகிறது. நினைவின்றிக் கிடக்கும் தாயின் அருகில் இரண்டு மகன்கள் காத்திருக்கிறார்கள். சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று இளையவன் வெளியே போன சிறிது நேரத்தில், தாய் கண் விழித்து, ‘ஜிம்மி’ என்று அவன் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு உயிரை விடுகிறாள். படுக்கையை விட்டு நகராமல் இருந்த மூத்தவன் சக்கின் பெயர் அவள் வாயில் வரவில்லை. திரும்பி வந்த தம்பி, அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்கும்போது, இல்லை என்கிறான் அண்ணன். துப்பாக்கியும் இரத்தமும் இல்லாத இந்தக் காட்சிக்குப் பிறகு இரண்டு நாள்கள் என்னால் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியவில்லை. இருண்ட தொடர்கள் என்று பெயர் பெற்றவற்றில் நான் கண்ட கொலைகள் பலவும் மறந்துபோயின. அந்த ஒற்றைச் சொல் மறக்கவில்லை.

வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் உருவாக்கிய ‘பெட்டர் கால் சால்’, அமெரிக்காவின் ஏ.எம்.சி. தொலைக்காட்சியில் 2015 பிப்ரவரி முதல் 2022 ஆகஸ்ட் வரை ஆறு சீசன்களாக, 63 அத்தியாயங்களில் வெளிவந்தது. நம் நாட்டில் நெட்ஃபிளிக்ஸில் பார்க்கக் கிடைத்தது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் குற்றவாளிகளுக்கு வழிகாட்டும் வழக்கறிஞராக வரும் சால் குட்மேன், ஜிம்மி மெக்கில் என்ற பெயரில் என்னவாக இருந்தான் என்பதே கதை. முந்தைய தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் பின்தொடரலாம். ஆனால் முடிவு வரை தொட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது என்பதால், இனி பார்க்கவிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், அண்ணன் பங்குதாரராக இருக்கும் பெரிய சட்ட நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தபடியே அஞ்சல் வழியில் சட்டம் படித்துத் தேர்ச்சி பெறுகிறான் ஜிம்மி. அதே நிறுவனத்தில் அவனுக்கு வழக்கறிஞர் பணி மறுக்கப்படுகிறது. மறுத்தவர் மற்றொரு பங்குதாரரான ஹோவர்ட் ஹாம்லின் என்று அவனும் நாமும் நம்பிக்கொண்டிருக்க, அதன் பின்னால் இருந்தது சக்தான் என்பது முதல் சீசனின் இறுதியில் தெரியவருகிறது. மின்சாரம் தன் உடலைச் சுடுகிறது என்று நம்பி, விளக்கில்லாத வீட்டில் அடைந்து கிடக்கும் அண்ணனுக்கு அன்றாடம் உணவும் செய்தித்தாளும் கொண்டுவந்து கொடுத்தவன் அந்தத் தம்பி. சக்காக நடித்த மைக்கேல் மெக்கீன், அந்த மனிதரை வில்லனாக்கவில்லை. சட்டத்தின் மீது அவருக்கு இருக்கும் பக்தி உண்மையானது. தம்பியைப் பற்றிய அவரது மதிப்பீட்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நம்மைக் கலங்க வைப்பது அந்தப் பாதிதான்.

மூன்றாம் சீசனில் வழக்கறிஞர் சங்க விசாரணையில் இருவரும் எதிரெதிரே நிற்கும் அத்தியாயத்தை இரண்டு முறை பார்த்தேன். அண்ணனின் சட்டைப்பையில் அவர் அறியாமலே ஒரு பேட்டரியை வைக்கச் செய்து, அவரது நோய் மனத்தில் மட்டுமே இருக்கிறது என்று ஜிம்மி எல்லார் முன்னிலையிலும் நிரூபிக்கிறான். நிலைகுலைந்த சக், தம்பி சிறுவயது முதல் செய்த மோசடிகளை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டுகிறார். ஆவணத்தில் முகவரி எண்ணை ஜிம்மி மாற்றினான் என்று அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் அந்த அறையில் இருப்பவர்கள் கண்களுக்கு அவர் சித்தம் கலங்கிய மனிதராகவே தெரிகிறார். முதல் முறை பார்த்தபோது ஜிம்மி வென்றதில் மகிழ்ந்தேன். இரண்டாம் முறை, உண்மை பேசிய ஒருவர் தோற்றதற்கு மகிழ்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

குறை இல்லாமல் இல்லை. போதைப்பொருள் கும்பல்களின் கதைப்பகுதி நேர்த்தியாகப் படமாக்கப்பட்டிருந்தாலும், அது வரும்போதெல்லாம் சட்ட அலுவலகங்களுக்குத் திரும்பிப் போக மனம் விரும்பியது. முதல் இரண்டு சீசன்களின் நிதானம் பலரது பொறுமையைச் சோதிக்கும். ஒரே மூச்சில் பார்க்காமல், இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று பார்த்தால் அந்த நிதானமே பலமாகத் தெரியும்.

கிம் வெக்ஸ்லராக வரும் ரே சீஹார்னைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நேர்மையான வழக்கறிஞரான கிம், ஜிம்மியின் ஏமாற்று விளையாட்டுகளில் மெல்ல மெல்லச் சுவை காண்கிறாள். அந்தச் சுவை ஹோவர்டின் உயிரைக் குடித்த பிறகு, பல ஆண்டுகள் கழித்து, ஒரு பேருந்தில் அமர்ந்திருக்கும்போது அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து வருகிறது. வசனமே இல்லாத அந்தச் சில நிமிடங்கள், நான் தொலைக்காட்சியில் கண்ட நடிப்பில் ஆகச் சிறந்தவை. 53 எம்மி பரிந்துரைகள் பெற்ற இந்தத் தொடருக்கு ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

சக் தன் வீட்டிலேயே தீயில் மாண்ட பிறகு, நான்காம் சீசனின் முடிவில் ஜிம்மி மெக்கில் என்ற பெயரையே உதறிவிட்டு சால் குட்மேன் ஆகிறான். இறுதி அத்தியாயத்தில் பிடிபட்டதும், ஆயுள் தண்டனை விழ வேண்டிய வழக்கைப் பேச்சுத் திறமையால் ஏழு ஆண்டுகளுக்குக் குறைத்துக்கொள்கிறான். பிறகு கிம் அமர்ந்திருக்கும் நீதிமன்றத்தில் அந்தப் பேரத்தைத் தானே கைவிட்டு, செய்தவற்றை ஒப்புக்கொள்கிறான். சட்டப்படி குற்றமே ஆகாத ஒன்றையும், அண்ணனின் சாவில் தனக்குள்ள பங்கையும், சேர்த்துச் சொல்கிறான். கிடைத்தது 86 ஆண்டுச் சிறை. நீதிபதி குட்மேன் என்று அழைக்கும்போது, தன் பெயர் மெக்கில், ஜேம்ஸ் மெக்கில் என்று திருத்துகிறான்.

தாய் தன்னை அழைத்தாள் என்பதை அவன் கடைசி வரை அறியவே இல்லை.