பழனியில் வாங்கிய மர நடைவண்டி: தசைத் தளர்வு உள்ள பாப்பாவுக்குச் சரிப்பட்டு வருமா?

மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு இப்போது 22 மாதம். தசைத் தளர்வு, டாக்டர் சீட்டில் ஹைப்போடோனியா என்று இருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் இரண்டும் மேலே ஏறி, நம் கைக்குள்ளிருந்து அப்படியே வழுக்கிக் கீழே இறங்கிவிடுவாள். இப்படி ஒரு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும்.

முதலில் ஆன்லைனில் வாங்கியது வட்டமான பிளாஸ்டிக் வாக்கர், நடுவில் துணி இருக்கை வைத்தது. அதில் அவள் நிற்கவே இல்லை, தொங்கினாள். உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்ள, கால்விரல் நுனியால் தரையை உந்தி உந்தி ஓடுவாள், பார்க்க நடக்கிற மாதிரியே இருந்ததால் நாங்களும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் அங்கன்வாடிக்கு வந்த அரசு மருத்துவக் குழு பார்த்துவிட்டுத் திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தது (வருடத்துக்கு இரண்டு முறை வருவார்கள், அன்றைக்கு மட்டும் பிள்ளையைக் கூட்டிப்போகாமல் இருந்துவிடாதீர்கள்). தளர்வு என்பது அறிகுறிதான், காரணம் வேறு எங்காவது இருக்கலாம் என்று சொல்லி அங்கே தைராய்டு, சிபிகே (தசையில் பாதிப்பு இருக்கிறதா என்று காட்டும் சோதனை) எல்லாம் ரத்தத்தில் பார்த்தார்கள்.

அங்கே உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ மேடம் கேட்ட முதல் கேள்வியே வீட்டில் வாக்கர் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றதும் இன்றைக்கே தூக்கிப் பரணில் போடுங்கள் என்றார். கனடாவில் 2004லேயே இந்த வகை வாக்கரை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள், படிக்கட்டில் உருண்டு பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுகிறது என்று. கொடைக்கானல் மலைப் பக்கம் எங்கள் ஊர் பண்ணைக்காட்டில் வாசலைத் தாண்டினாலே சரிவு, நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பாப்பா தானாக எதையாவது பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு தள்ளுகிற வண்டி கொடுக்கலாம் என்றார் அவர். பழனி அடிவாரத்தில் 750 ரூபாய்க்கு இந்த மூன்று சக்கர மர நடைவண்டியை வாங்கினோம்.

முதல் நாள் அழுகைதான். பிடித்து எழுந்தபோது வண்டி பின்பக்கம் சாய்ந்து அவள் மேலேயே வந்தது. நிமிர்த்திக் கொடுத்தால் வண்டி குடுகுடுவென்று ஓட, அவள் குப்புற விழுந்தாள். போன் செய்து கேட்டதும், முன்பக்கம் எடை கட்டுங்கள், சக்கரத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள் என்றார் பிசியோ மேடம். இரண்டு கிலோ காபிக்கொட்டையைத் துணிப்பையில் போட்டு முன்கட்டையில் கட்டினோம். சரியாகிவிட்டது. இப்போது வண்டி அவள் தள்ளினால்தான் நகர்கிறது. தள்ளும்போது வயிறும் இடுப்பும் இறுகுவதைக் கை வைத்துப் பார்த்தால் தெரிகிறது, பாதமும் முழுதாகத் தரையில் படிகிறது.

ஊரில் சமதளம் என்றால் காபி காயப்போடும் களம்தான், அறுப்பு முடிந்து காலியாகக் கிடப்பதால் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் அங்கே. அதற்கு மேல் வேண்டாம், இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். குளிருக்குத் தடிமனான ஸ்வெட்டர் போட்டால் குனியவே முடிவதில்லை, மெல்லியதாக இரண்டு போடுகிறோம். கம்பளி சாக்ஸ் வழுக்கும், கணுக்காலை மூடுகிற ஷூதான் போடுகிறோம். நடுவில் அவள் முட்டியைப் பின்பக்கமாக வளைத்துப் பூட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். அப்போது தரையில் ஒரு கமலா ஆரஞ்சை வைத்து எடுக்கச் சொல்வோம். ஒரு கையால் வண்டியைப் பிடித்து, முட்டியை மடக்கி, நடுங்க நடுங்கக் குனிந்து எடுத்து என் கையில் தருவாள். அந்த ஒரு பழத்துக்கே அவளுக்கு மூச்சு வாங்கும்.

குறைகளும் உண்டு. பிரேக் கிடையாது, சரிவில் ஒரு நொடிகூடத் தனியாக விட முடியாது. முன் சக்கரம் சின்னது, சிறு கல்லிலும் மாட்டும். எங்களுடையதில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தது, வாங்கும்போதே கட்டைகள் சேரும் எல்லா இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் அடிக்காத வண்டியாகக் கேளுங்கள், பிள்ளை கடிக்கும். கைப்பிடி தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வர வேண்டும், எங்களுக்கு மூன்று விரல் உயரம் அதிகமாக இருந்ததால் ஊர் ஆசாரி இறக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

போன வாரம் பையிலிருந்து ஒரு கிலோ கொட்டையை எடுத்துவிட்டோம். அப்படியும் வண்டி குடுகுடுவென்று ஓடிவிடவில்லை, அவள்தான் பிடித்து நிறுத்துகிறாள்.