ரெண்டு பக்கம் தாண்டாத நேரத்துல புக் எங்க தேடறது: கண்காட்சியா, நூலகமா, போனா, ப்ளாட்பாரமா?

நவம்பர்ல ஆரம்பிச்சது. ஆபீஸ் விட்டு வந்து சாப்ட்டு முடிச்சு புக்கைத் திறந்தா ரெண்டு பக்கம்தான், அதுக்கு மேல கண்ணு வரில ஓடுது மனசு எங்கயோ நிக்குது, திரும்ப மேல இருந்து படிச்சா அதே கதை. வருஷத்துக்கு முப்பது புக் முடிக்கற ஆளு நான். நாலு மாசம் ஒண்ணு கூட முடியலைன்னதும் நிஜமாவே பயந்துட்டேன். அதனால சென்னைல புது புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச வழி எல்லாத்துலயும் போய்ப் பாத்தேன்.

எல்லாத்தையும் நான் ஒரே கேள்வி வெச்சுதான் பாத்தேன். எடுத்த புக் பிடிக்கலைன்னா கீழ வைக்கறதுக்கு எனக்கு என்ன நஷ்டம்? ஏன்னா இந்த மாதிரி சமயத்துல பத்து எடுத்தா ஒம்பது ஒட்டாது, அந்த ஒம்பதையும் குத்த உணர்ச்சி இல்லாம வெச்சாதான் பத்தாவது கைக்கு வரும்.

முதல்ல ஜனவரி புத்தகக் கண்காட்சி. 1977ல இருந்து நடக்குது, இப்போ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்துல, புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்துறாங்க, எல்லா ஸ்டால்லயும் பத்து பர்சென்ட் தள்ளுபடி. சென்னைல இருக்கற வாசகனுக்கு அது திருவிழாதான், எனக்கும்தான், ஆனா படிப்பு நின்னு போன நேரத்துல அது சரிப்படல. கூட்டத்துல ஒரு புக்கை எடுத்து மூணு பக்கம் படிக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து தோள்ல இடிக்கறாங்க, அட்டையையும் பின்னட்டையையும் பாத்து எடுத்துட்டு வர வேண்டியதா போச்சு. மூவாயிரத்துச் சொச்சத்துக்கு பதினொரு புக், இன்னி வரைக்கும் அதுல ரெண்டுதான் முடிச்சிருக்கேன். காசு குடுத்துட்டோமேன்னு பிடிக்காததையும் இழுத்துப் பிடிச்சு படிக்கப் போய் இருந்த ஆசையும் போச்சு. போறதா இருந்தா வார நாள்ல போங்க, ஸ்டால்காரங்களே நின்னு பேசுவாங்க, நிதானமா புரட்டலாம்.

போன் வழி இதுக்கு நேர் எதிர், நஷ்டமே கிடையாது. கிண்டில்ல தமிழ் புக்குக்கும் சாம்பிள் இலவசமா இறங்குது, முதல் சில பக்கம் படிச்சுட்டு வேணாம்னா அழிச்சுடலாம். மதுரைத் திட்டம் 1998ல இருந்து பழைய தமிழ் நூல்களை இலவசமா ஏத்திக்கிட்டிருக்கு, சங்க இலக்கியத்துல ஆரம்பிச்சு நாட்டுடைமையான எழுத்தாளர்கள் வரைக்கும் ஏகப்பட்டது இருக்கு. இவ்வளவு இருந்தும் எனக்கு உதவல. ஒரு ராத்திரில பதினாலு சாம்பிள் இறக்கினேன், ஒண்ணுல கூட நாலாவது பக்கம் போகல, நடுவுல வாட்ஸப் வந்துச்சு அவ்வளவுதான். ரீல்ஸ்ல புக் சொல்றவங்க பக்கமும் போனேன், திரும்பத் திரும்ப அதே பத்து புக்கு, அதுல பாதி நான் ஏற்கெனவே படிச்சது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா பலபேரு அது பரீட்சைக்குப் படிக்கறவங்க இடம்னு நெனச்சு உள்ள போறதே இல்ல. 2010ல திறந்தாங்க, பறக்கும் ரயில்ல இறங்கி நடந்துடலாம். டிஎன்பிஎஸ்சிக்கும் யுபிஎஸ்சிக்கும் படிக்கற பசங்க நிறைய இருப்பாங்க, அவங்களுக்கு சொந்த புக் கொண்டு வந்து படிக்கவே தனி பகுதி இருக்கு. நீங்க நேரா தமிழ் புத்தகங்கள் இருக்கற தளத்துக்குப் போயிடுங்க. நான் செஞ்சது இதுதான்: பேரே கேள்விப்படாத ஆளுங்களோட புக்கா பாத்து அஞ்சு எடுத்துக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்து ஒவ்வொண்ணுலயும் இருபது பக்கம், பிடிக்கலைன்னா மேஜைலயே விட்டுட்டு அடுத்தது. பைசா செலவில்ல, வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து அலமாரில அடுக்க வேண்டியதும் இல்ல. மூணு சனிக்கிழமைல பதினஞ்சு புக் தொட்டேன், ரெண்டு ஒட்டுச்சு, அதுல ஒண்ணு மீன்பிடி பத்தினது. எனக்கு மீன் பத்தி ஒண்ணும் தெரியாது, கதைகளா படிச்சுப் படிச்சு சலிச்சிருந்த மனசுக்கு வலை பின்னறதும் காத்து பாக்கறதும் அவ்வளவு புதுசா இருந்துச்சு.

எழும்பூர் கன்னிமாரா 1896ல திறந்தது, இந்தியால வெளியாகற புத்தகங்களுக்கு ஒரு பிரதி வந்து சேரணும்னு சட்டம் வெச்சிருக்கற நாலு நூலகத்துல ஒண்ணு. ஆனா கடல் மாதிரி இருக்கற இடத்துல, என்ன வேணும்னே தெரியாம போனவன் நான், சுத்திட்டு வெறுங்கையோட வந்துட்டேன். தேடற பேரு தெரிஞ்சவங்களுக்கான இடம் அது.

வாடகை நூலகம் இன்னொண்ணு. எங்க ஏரியால இருந்தது மூடியாச்சு, ஆனா 1955ல ஆரம்பிச்ச ஈஸ்வரி மாதிரி சிலது இன்னும் ஓடுது. அங்க எனக்குப் பிடிச்சது புக்கோட முதல் பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன பென்சில் குறி, படிச்சதையே மறந்து திரும்ப எடுத்துடக் கூடாதுன்னு மாமிங்க போட்டு வெச்சது. குறி நிறைய இருந்தா அது நிறைய வீட்டுக்குப் போய் வந்த புக், அதை நம்பி எடுக்கலாம்.

கடைசியா திருவல்லிக்கேணி. ஞாயித்துக்கிழமை பாரதி சாலை ப்ளாட்பாரம், பெரியவங்க இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுன்னுதான் சொல்றாங்க. தார்ப்பாய் விரிச்சு அது மேல இன்ஜினியரிங் கைடு, சமையல் புக், ஜோசியம், பழைய நாவல் எல்லாம் ஒண்ணா குவிஞ்சு கிடக்கும். வரிசையே கிடையாது, அதுதான் நல்லது, நாம தேடாதது கைல மாட்டும். குந்தி உக்காந்து தயங்கிட்டிருந்தேன், கடைக்காரர் "எடுத்துப் பாரு சார், பாக்கறதுக்கு காசா கேக்கறேன்?" அப்படின்னாரு. அடில இருந்து ஒரு காலிக்கோ பைண்டு, அதாவது துணி ஒட்டின அட்டை போட்டது, வந்துச்சு. வாரப் பத்திரிகைல வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழிச்சு எடுத்து யாரோ பைண்டு பண்ணி வெச்சிருக்காங்க, அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு செய்வாங்களே அது. மொத பக்கம் கிழிஞ்சு போயிருக்கு, அதனால எழுதினவர் பேரு தெரியாது. பக்கத்தோட அடில பத்திரிகை பேரும் 1968னு தேதியும், கதைக்கு நடுவுல பல்பொடி விளம்பரம், ஒவ்வொரு வாரமும் சரியா யாரோ கதவைத் தட்டற இடத்துல தொடரும்னு முடியுது. எண்பது ரூபா.

நின்னுக்கிட்டே மூணு வாரத்துக் கதையைப் படிச்சுட்டேன், அப்பறம் ரத்னா கஃபேல சாம்பார் இட்லி ஆறிப் போற வரைக்கும் இன்னும் ரெண்டு வாரம். ஒவ்வொண்ணும் ஏழெட்டு பக்கம்தானே, என் நிலைமைக்கு அதுதான் சரியான அளவு, அதுக்கு மேல என்னால முடியாதுன்னு தெரிஞ்சே எழுதின மாதிரி இருந்துச்சு. நாலு மாசத்துல முதல் தடவையா அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிச்சேன்.

அதனால என்னோட வரிசை ப்ளாட்பாரம், அண்ணா நூலகம், வாடகை நூலகம், அப்பறம்தான் மத்ததெல்லாம். மனசு திரும்பினதும் கண்காட்சிக்குப் போங்க, அப்போ அது வேற அனுபவம்.

அந்த பைண்டு முப்பத்தோராவது வாரத்தோட நின்னு போச்சு, மிச்சக் கதை அதுல இல்ல. கடைக்காரர்கிட்ட நம்பர் குடுத்துட்டு வந்திருக்கேன். பத்திரிகை பேரும் வருஷமும் இப்போ கைல இருக்கு, கன்னிமாரால பழைய இதழ்கள் வெச்சிருக்காங்க, இந்த சனிக்கிழமை எழும்பூர் போறேன்.